போறணைக்குள் தாலிக்கொடி

எங்கள் சமையலறையில் கேஸ் அடுப்புக்குக் கீழே பாண், கேக் சுடுகிற போறணை ஒன்று இருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில் எதையும் சுட்டதில்லை. எங்கள் லா சப்பல் பகுதியில் எந்தத் தமிழ் வீட்டுப் போறணையைத் திறந்தாலும் பொரிக்கிற தாச்சியும் இடியப்பத் தட்டும் பழைய ஐஸ்கிறீம் டப்பாக்களும்தான் கிடக்கும். எங்களுடையதில் கூடுதலாக என் தாலிக்கொடியும் கிடந்தது.

மெத்ரோ ரயில் நிலையப் படியில் பின்னால் வந்து கொடியை அறுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, வேலைக்குப் போகும்போது கழற்றி வைக்கத் தொடங்கியிருந்தேன். அலுமாரியில் வைத்தால் கள்ளன் முதலில் அலுமாரியைத்தானே கிண்டுவான்? அதனால் பழைய வேட்டித் துண்டொன்றில் சுற்றி, பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு, போறணையின் அடியில் செருகிவிடுவேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இவர் சமைக்கிற ரெஸ்ரோறன்ற் முழுக்கத் தெரிந்துவிடும். அப்படியொரு ஓட்டை வாய்.

அன்று திங்கட்கிழமை, இவருக்கு லீவு. மாலையில் வேலை முடிந்து வந்து படியேறும்போது பாண் வேகும் மணம் மூக்கைத் துளைத்தது. யாரோ புண்ணியவான் வீட்டிலேயே சுடுகிறான் என்று சந்தோஷமாகத்தான் ஏறினேன். ஏற ஏற மணம் கூடியது. எங்கள் கதவைத் திறந்தால், மணம் எங்கள் போறணையிலிருந்துதான் வந்தது.

“வாரும், வாரும். இந்த நாட்டுப் பாண் சம்பலுக்குச் சரிவராது, எல்லாம் ஓட்டை. அதுதான் நானே எங்கடை ஊர் ரோஸ் பாண் போட்டுப் பாக்கிறன்” என்றார் இவர். முழங்கை வரைக்கும் மா.

“போறணைக்குள்ளை கிடந்த சாமானெல்லாம் எங்கை?”

“குளிக்கிற தொட்டிக்குள்ளை.”

ஓடினேன். தாச்சி இருந்தது, தட்டுகள் இருந்தன, தகரம் இல்லை. திரும்பி வந்து கேட்டேன். போறணைக் கண்ணாடியைக் காட்டினார். அந்தத் தகரத்துக்குள்தான் பாண் பொன்னிறமாக எழும்பி நின்றது.

“நல்ல அச்சு” என்றார்.

“அதுக்குள்ளை ஒரு வேட்டித் துண்டு இருந்ததெல்லே?”

“ஓம், கழுவிப்போட்டு அதாலைதான் மாவை மூடியிருக்கிறன்.”

மேசையில் இருந்த சட்டியின் துணியை இழுத்தேன். மீன் வைத்துச் சுடுகிற பணிசுக்குக் குழைத்த மா மட்டும் என்னைப் பார்த்துப் பொங்கிக்கொண்டிருந்தது. துணியை உதறினேன், ஒன்றும் விழவில்லை. அப்படியே தரையில் இருந்துவிட்டேன். இத்தனை காலம் கட்டிக்காத்ததை நானே தொலைத்தேனே என்று ஓவென்று அழுகை வந்தது.

இவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் வந்து குந்தினார்.

“அழாதேயும். எனக்குச் சொல்லாமல் ஒளிச்சனீரெல்லே, கொஞ்சம் தேடட்டும் எண்டு விட்டனான். இஞ்சை பாரும்.” கழுத்தை என் பக்கம் நீட்டினார். “கையெல்லாம் மா. நீரே எடும்.”

ஸ்வெற்றரின் கழுத்துக்குள் கையை விட்டேன். என் தாலிக்கொடி இவருடைய கழுத்தில் கிடந்தது.

“வேறை எங்கை வைச்சாலும் மறந்துபோடுவன், அதுதான் போட்டுக்கொண்டன்” என்றார். “நல்லகாலம், பத்தவைக்க முதல் தகரத்தைத் திறந்து பாத்தன். இல்லாட்டி நான் கட்டினதை நானே சுட்டிருப்பன்.”

இந்த மனுசனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. போன உயிர் திரும்பி வந்த நிம்மதியில் இரண்டும் முடியாமல் அழுதுகொண்டே சிரித்தேன். கழற்றிக் கையில் எடுத்தபோது கொடி இவர் உடம்புச் சூட்டில் சுடச்சுட இருந்தது. இவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு அதை என்னிடமிருந்து வாங்கினார். தரையில் இருந்தபடியே என் தலைவழியாகப் போட்டு, பின்கழுத்தில் சிக்கிய மயிரை எடுத்துவிட்டார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். ஐயரும் இல்லை, மேளமும் இல்லை.

“பாணை எடுங்கோ, கருகப்போகுது” என்றேன். இவர் எழும்பவில்லை. நானும் கையை விடவில்லை.