தபால்பெட்டியில் அப்பா

நெதர்லாந்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்த நான், ஒரு பருவம் மட்டும் படிக்க ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகருக்குப் போனேன். தனி விசா தேவையில்லை. தங்கலாம் என்ற சான்றிதழ் தபாலில் வந்தால் போதும். வராவிட்டால் சேர்க்கை கிடையாது, திரும்ப வேண்டியதுதான்.

மூன்று வாரமாகியும் வரவில்லை. சேர்க்கைக் கெடு முடிய ஐந்து நாள் இருந்தபோது, அறை தந்த யாழ்ப்பாணத்து அக்காவிடம் புலம்பினேன்.

“முருகேசன் எண்டு ஒராளுக்குத்தான் கடிதம் வந்தது, தம்பி. அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லையெண்டு திருப்பி அனுப்பிப்போட்டன்.”

“அக்கா, அது எங்கப்பா!”

“அப்பாவும் வந்திருக்கிறாரோ? நான் காணேல்லையே!”

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர்; கடிதமும் அந்தப் பெயருக்கே வந்திருக்கிறது. அங்கே தபால்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் தருவார்கள்; நான் என் பெயரை மட்டுமே ஒட்டியிருந்தேன். அறைக்கான வாடகைப் படிவங்களை நிரப்பியது அக்காவின் மகள் என்பதால் அக்காவுக்கும் என் குடும்பப் பெயர் தெரியாது. தவறு என்னுடையது.

அன்றே ‘முருகேசன்’ என்று எழுதி ஒட்டினேன். அக்கா சான்றிதழ் அனுப்பிய அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, ஜெர்மன் மொழியில் வாதாடி, மறுபடி அனுப்ப வைத்தார். கடைசி நாள் காலையில் கடிதம் வந்தது. பெட்டியைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

“ஜெர்மனில எனக்கு வீடு இருக்கா?” என்று சிரித்தார்.

பருவம் முடிந்து கிளம்பும் நாளில் இரண்டு பெயர்களையும் உரிக்கப் போனேன்.

“அப்பான்ர பேர் கிடக்கட்டும், தம்பி. இனி அவரைத் தெரியாதெண்டு சொல்லமாட்டன்” என்றார் அக்கா.

அப்பா இப்போது இல்லை. அந்தப் பெட்டியில் அவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று நான் விசாரித்ததில்லை. இருப்பதாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.