அக்கா ஓட்டாத பறவைகள்

விசிலை ஊதிக்கொண்டே ஏரிக்கரையில் காவலர் எங்களை நோக்கி ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பறவைகள் சரணாலயத்துக்குள் நுழைந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தப்பு அக்காவுடையதுதான். ஜவ்வாது மலையில் எங்கள் சாமைக் கொல்லைக்குக் காவல் அவள். கதிர் முற்றும் நாட்களில் பரண்மேல் நின்று கத்தியும் கை தட்டியும் பறவை ஓட்டுவாள். கார்த்திகையில் பெரிய வெள்ளைப் பறவைகள் கூட்டமாக மலையைத் தாண்டிப் போகும். எங்கள் கொல்லையில் அவை இறங்கியதே இல்லை. எங்கேதான் இறங்குகின்றன என்று பார்த்தே தீர்வதென அக்கா முடிவு செய்துவிட்டாள். வந்தவாசிக்கு அப்பால் ஓர் ஏரியில் கூடு கட்டுகின்றன என்று ஜீப் டிரைவர் ஒருவர் சொல்லியிருந்தார். "பறவைய ஓட்றது பத்தாதுன்னு, தேடிக்கினு வேற போறியா?" என்று மாமா சிரித்தார். அக்கா சாமைச்சோற்றைக் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். போளூரில் இறங்கி, அங்கிருந்து மூன்று பஸ் மாறினோம்.

சாயங்காலம் முதல் கூட்டம் மரங்களில் இறங்க வந்ததுதான் தாமதம், "ஓ... ஓஓய்!" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்திக் கை தட்டிவிட்டாள். மொத்தக் கூட்டமும் மேலே எழும்பிவிட்டது.

"இது இன்னா உன் கொல்லையா? கெளம்புங்க வெளிய!" என்றார் காவலர்.

ஆள் முகம் பார்த்துப் பேச எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. அன்றைய அக்காவின் வயதை நான் தாண்டிவிட்டேன். ஆனாலும் அன்று எப்படியோ வாய் திறந்தேன். "வேணும்னு செய்யலீங்க. சின்ன வயசுலேருந்து பறவ ஓட்டியே பழகிட்டா."

அவர் முகத்தில் கோபம் கொஞ்சம் இறங்கியது. "இன்னொரு சத்தம் வந்துச்சு, ரெண்டு பேரும் வெளியதான்."

"பாக்காம நான் போவமாட்டேங்க" என்ற அக்கா, முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பறவைகள் திரும்பி வந்தன. ஒவ்வொரு கூட்டம் இறங்கும்போதும் அவள் கைகள் என் பிடிக்குள் துடித்தன. கண் மட்டும் இமைக்கவில்லை. மரங்கள் வெள்ளையாகி, வெளிச்சம் குறைந்து, வானம் காலியாகும்வரை அப்படியே நின்றோம்.

பிறகுதான் முந்தானையை எடுத்தாள். காவலரைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "எல்லாம் எறங்கிடுச்சுங்க. இப்பப் போறோம்."