பக்கவிளைவாக வந்த புருஷன்

ஃபேக்டரியில் அவளுக்குப் பெயர் செக்கர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும், ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரட்டை டியூப் லைட்டுக்குக் கீழே நின்றபடியே வேலை. தைத்து வரும் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, தோள் தையலில் தொடங்கி, கைக்குழி, பக்கத்தையல், அடிமடிப்பு என்று விரலை ஓட்டுவாள். நூல் இழுத்திருந்தால், தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்பு ஒட்டிய சட்டை பிரித்துத் தைக்கப் போகும்.

பிரித்துத் தைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. துணி மெலிசாக இருந்தால் பிரிக்கும்போதே கிழிந்துவிடும். கால் அங்குலக் கோணலுக்காக முழுச் சட்டையும் குப்பைக்குப் போகும், தைத்தவள் வாங்கிக்கட்டிக்கொள்வாள். அதனால் பழம் தின்று கொட்டை போட்ட செக்கர்கள் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். போட்டுக்கொண்டால் வெளியே தெரியாத குறையா? கண்ணில் பட்டாலும் படாத மாதிரி பாஸ். சட்டை விஷயத்தில் அதனால் பெரிதாக யாரும் கெட்டுப்போகவில்லை. வீட்டு விஷயத்திலும் அவள் அப்படித்தான் செய்தாள்.

அவள் புருஷன் கண்ணாடிக்கடைக்காரர். கடை வேறொருவருடையது, பின்னறையில் உட்கார்ந்து லென்ஸை ஃபிரேமில் பொருத்துவது, எறும்புத் தலை அளவு ஸ்க்ரூவைத் திருகுவது, வருகிறவர்களின் மூக்குத்தண்டில் சின்ன ஸ்கேலை வைத்து இரண்டு கருமணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பது, இதெல்லாம் இவர் வேலை. கடையில் பேச்சு தேன் மாதிரி ஒழுகும். வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போதே வாயையும் கழற்றி வைத்துவிடுவார். அண்ணன் சொல்லைத் தட்ட முடியாமல் கட்டிக்கொண்டவர். கல்யாணமான முதல் வாரத்திலேயே, உன் மூஞ்சியைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வரமாட்டேன் என்கிறது என்று, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். அடிக்கிற புருஷன் என்றால் நாலு பேருக்குக் காட்டக் காயமாவது இருக்கும். இவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பிள்ளை ஏன் இல்லை என்று நாத்தனார் துருவித் துருவிக் கேட்டபோது பதில் சொல்லாமல் பாத்திரம் கழுவினாள். பதில் அத்தனை வெட்கக்கேடானது.

முப்பது வருஷம் இப்படியே ஓடியது. பிறகு அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. சும்மா இருக்கும்போது கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு சேர்ந்து எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூ கைதவறி விழும். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்றால் இன்னும் மோசம். பதற்றம் ஏற ஏறக் கை தனியாக ஆடும். நடை சுருங்கியது. முகம் இறுகியது.

டாக்டரம்மா களைத்த முகத்துக்காரி. ஆனால் விளக்கிச் சொல்வதில் சலிக்கமாட்டார். முதலில் கொடுத்த மருந்து போதாமல் போய், இரண்டாவதாக ஒரு மாத்திரையைச் சேர்த்தபோது இவளை உட்காரவைத்துச் சொன்னார்.

"மூளைல டோபமைன்னு ஒரு சரக்கு சுரக்குதும்மா. அதைச் சுரக்கிற செல்லுங்க செத்துக்கிட்டே வருது. அதனாலதான் கை நடுங்குது, மூஞ்சில சிரிப்பு வரமாட்டேங்குது. இந்த மாத்திரை அந்தச் சரக்கு மாதிரியே வேஷம் போட்டு வேலையப் பாக்கும். ஆனா ஒண்ணு. உடம்ப அசைக்கிறதுக்கும் ஒண்ணு வேணும்னு ஏங்குறதுக்கும் அதே சரக்குதான். சில பேருக்கு இது உள்ள போனா ஏக்கம் பிரேக் இல்லாம ஓடும். சூதாட்டம், தீனி, பொம்பளை விஷயம், இல்ல ஒரே வேலைய விடாம செய்றது. பாதிப் பேருக்கு அது வியாதின்னே தெரியாது. தெரிஞ்சவங்க வெக்கப்பட்டுச் சொல்லமாட்டாங்க. நீங்கதான் கவனிச்சுச் சொல்லணும்."

சிரிப்பு வராதது நோயின் அறிகுறி என்றால், கல்யாணத்தன்றே நோய் வந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தவள், அடக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

மாத்திரை வேலை செய்தது. கை நின்றது. அவர் மறுபடி பின்னறையில் போய் உட்கார்ந்தார். சில வாரங்களில் வீட்டிலும் ஒரு டப்பா நிறையப் பழைய ஃபிரேம்கள் சேர்ந்தன. கழற்றுவார், துடைப்பார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. அதையும் கவனித்தாள். நல்ல வேளை, கையைச் சும்மா வைக்காமல் இருக்கிறாரே என்று பாஸ் பண்ணினாள்.

ஒரு சாயங்காலம் அவர் அவளைக் கூப்பிட்டார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்தி, மூக்குத்தண்டில் ஸ்கேலை வைத்து, நேராகத் தன் கண்ணைப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். அவர் அளந்து முடித்த பிறகும் ஸ்கேலை எடுக்கவில்லை.

"இவ்வளவு அழகான கண்ண வெச்சுக்கிட்டு இத்தனை நாளா எங்க போயிருந்த?"

"இங்கதான் இருந்தேன்" என்றாள் அவள்.

அந்த வாரமே அவளுக்கு ஒரு கண்ணாடி செய்து கொண்டுவந்தார். பிறகு இன்னொன்று. பிறகு கறுப்பு ஃபிரேமில் ஒன்று, பூப் போட்டதில் ஒன்று. ஃபேக்டரி வாசலில் வந்து காத்து நிற்கத் தொடங்கினார். தையல்காரப் பெண்கள், செக்கர் அக்காவுக்கு இப்போதுதான் மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று ஓட்டினார்கள். நாத்தனார் வந்து இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு, "கிழவனுக்கு ஆசை வந்தா இப்படியா கண்ணு தெரியாம போகும்" என்று சிரித்துவிட்டுப் போனாள். அது இவளைக் குத்தத்தான் சொன்னது. இவளுக்குக் குத்தவில்லை. சமையலறையில் நிற்கும்போது பின்னாலிருந்து வரும் கையும், வேலை நேரத்தில் விடாமல் அடிக்கும் போனும், வேண்டாம் என்றாலும் விலகாத உடம்பும் அன்பு இல்லை என்பது அவளுக்கு டியூப் லைட்டுக்குக் கீழே வைத்த மாதிரித் தெரிந்தது. எங்கே அம்பு ஒட்ட வேண்டும் என்பதும் தெரிந்தது. ஒட்டினால் டாக்டர் பிரிப்பார். பிரித்தால் கையில் என்ன மிஞ்சும்?

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா புதுப் பழக்கம் ஏதாவது என்று கேட்டார். இல்லைங்க, சந்தோஷமா இருக்காரு என்றாள். அதற்கடுத்த தடவையும் அதையே சொன்னாள்.

பிறகு ஒரு நாள் கடை முதலாளி போனில் கூப்பிட்டார். நேரில் வரச் சொன்னார்.

பின்னறையில் அவள் புருஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முன்னறையில் கவுன்ட்டரில் பில் போடும் பெண், இருபது வயசு இருக்கும், துப்பட்டா நுனியை விரலில் சுற்றியபடி நின்றிருந்தாள். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: முதலில் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம் என்று அளந்தாராம். பிறகு தினமும் அளந்தாராம். நேற்று பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாராம். இந்தப் பெண் கத்தியதில் வாடிக்கையாளர் ஒருவர்தான் போய்த் திறந்திருக்கிறார்.

முதலாளி நல்ல மாதிரி ஆள். குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இத்தனை வருஷத்துல இவர் மேல ஒரு சொல்லு வந்ததில்ல. புதுசா மாத்திரை எதோ சாப்பிடுறாருன்னாரே, அதனாலயா? அப்படின்னா சொல்லிடுங்க. லீவு குடுக்குறேன். அந்தப் பொண்ணுகிட்டயும் எடுத்துச் சொல்றேன்" என்றார்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவள் நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது. அதற்குள் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"என்ன பேச்சு பேசுனாரு தெரியுமா ஆன்ட்டி? இவ்வளவு அழகான கண்ண வெச்சுக்கிட்டு இத்தனை நாளா எங்க போயிருந்தன்னு கேக்குறாரு."

செக்கருக்குச் சொன்ன அதே வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. தனக்குக் கிடைத்ததிலேயே விலை உயர்ந்த சாமான் கடைத்தெருவில் கூறு கட்டி விற்கிற சரக்கு என்று தெரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்த வயிற்றெரிச்சலை மாத்திரை மேல் காட்ட முடியாது, புருஷன் மேல் காட்டினால் உள்ளதும் போய்விடும். கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது அந்தப் பெண் மட்டும்தான்.

"மாத்திரையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள் முதலாளியிடம். பிறகு அந்தப் பெண்ணை மேலிருந்து கீழ்வரை, உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்ப்பது போலப் பார்த்தாள். "முப்பது வருஷம் ஒழுங்கா இருந்த மனுஷன். நீ பல்லைக் காட்டாம அவரு ஏன் கைய நீட்டப்போறாரு? தினமும் அளந்தாருன்னு சொல்ற. மொத நாளே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருக்கலாம்ல? அளக்கட்டும்னுதானே குடுத்துக்கிட்டு நின்ன?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. முதலாளி மூக்கைச் சொறிந்தார். ஸ்க்ரூ திருகத் தெரிந்த கை எளிதில் கிடைக்காது, பில் போட யாரும் கிடைப்பார்கள். மனதுக்குள் தராசைப் பிடித்தவர், மாதக் கடைசிவரை கணக்குப் பார்த்துத் தந்துவிடுகிறேன், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று பெண்ணிடம்தான் சொன்னார். அவள் அழவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, செக்கரின் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?"

செக்கர் தெருவில் போகும் பஸ்ஸைப் பார்த்தாள்.

அன்று இருவரும் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். கதவைத் திறந்ததும் அவர் கை வழக்கம்போல இடுப்பில் வந்தது. அன்றைக்கும் அவள் தட்டிவிடவில்லை.

டாக்டரம்மாவைப் பார்க்கும் நாள் வந்தது. புதுப் பழக்கம் ஏதாவது என்று அவர் கேட்க, இல்லைங்க என்று இவள் தொடங்கியபோது, புருஷன் குறுக்கே பேசினார். அந்த அறையில் அவர் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இதக் குறைச்சுடுங்க டாக்டர். கடைல ஒரு சின்னப் பொண்ணு. தப்புன்னு தெரியுது. நிறுத்தணும்னு நினைக்கிறேன். கை நிக்கமாட்டேங்குது. அந்தப் பொண்ணுக்கு வேலையே போச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வீட்டிலும் அப்படித்தானா என்று கேட்டார்.

"வீட்லதான் ரொம்ப" என்றார் அவர். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. பக்கத்தில் நாற்காலிதான் இருக்கிறது, ஆள் இல்லை என்பது போலப் பேசினார். "பிடிக்காத சாப்பாட்ட யாரோ பின்னந்தலையப் பிடிச்சுத் திங்க வெச்சா எப்படி இருக்கும், அப்படி. முடிஞ்சதும் எனக்கே குமட்டுது. இவ பாவம், ஆசைல பண்றேன்னு நினைச்சுக்கிட்டு கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டுக்கிறா."

டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பினார். "நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா."

"சொல்ற அளவுக்குக் குறையாத் தெரியலைங்க" என்றாள் செக்கர்.

அதைக் கேட்டு டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தை விவரிக்க வேண்டாம். உங்கள் வாயால்தான் ஒரு பெண்ணுக்கு இந்தக் கதி என்றார், அது உண்மைதான். திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

மாத்திரை குறையக் குறைய எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. ஃபிரேம் டப்பாவை அவர் தொடுவதில்லை. கை மறுபடி உருட்டத் தொடங்கியது. ஸ்க்ரூக்கள் விழுந்தன, முதலாளி இன்னும் நல்ல மாதிரி ஆளாகவே இருந்து, வீட்டில் ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆக, அந்தப் பெண்ணை விரட்டிக் காப்பாற்றிய வேலையும் நிலைக்கவில்லை. கடையில் இப்போது இரண்டு புது ஆட்கள்.

அவர் நாளெல்லாம் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். முகம் சுண்ணாம்புச் சுவர். இவள் குறுக்கே போனால் பார்வை அவளைத் தாண்டி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் நிற்கும். ஒரு நாள் அவள் தாங்கமாட்டாமல், என்னங்க, ஒரு தடவை என்னைப் பாருங்களேன் என்று கேட்டேவிட்டாள். அவருக்கு வார்த்தை வந்துசேரச் சற்று நேரமாகும். வந்தது.

"மாத்திரையக் கேளு. அது பாக்கும்."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, வெறுத்துப்போய்ச் சொன்னாரா, அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அவள் உள்ளே போனாள். குறைத்த பிறகு மிச்சமான மாத்திரை அட்டைகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தன. தூக்கியெறியத்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். எறிய மனம் வரவில்லை என்பதைத் தவிர அதுவரை அவளிடம் வேறு எண்ணம் இருந்ததா என்று சொல்வது கஷ்டம்.

மறுநாளிலிருந்து சாயங்காலக் காபியை அவளே கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கரண்டியின் பின்பக்கத்தால் மாத்திரையைப் பொடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. காபி ஒரு மாதிரி இருக்கிறதே என்றார். பால்காரன் மாறிவிட்டான் என்றாள். அவர் குடித்தார். அதன் பிறகு தினமும் குடித்தார்.

மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்று அவளுக்குத் தெரியும். மாடிவீட்டுப் பெண் குழாயடிக்கு வரும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தினாள். வாசல் கதவைத் தாழிட்டாள். இந்தத் தடவை அவர் கண்ணில் வேறு யாரும் படக்கூடாது. நாத்தனார் வருகிறேன் என்று போன் செய்தபோதும், அவருக்கு உடம்பு முடியவில்லை, பிறகு வாருங்கள் அண்ணி என்று வைத்துவிட்டாள். ஃபேக்டரியில் லீவு சொன்னாள்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் காபியைக் கடைசிவரை குடித்துக் கப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தார். எதிரே நாற்காலியைப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உருண்டுகொண்டிருந்த அவருடைய கட்டைவிரல் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது.

தன் கை நின்றுபோனதை அவர் முதலில் பார்த்தார். பிறகு காபிக் கப்பைப் பார்த்தார். அதன் பிறகு, அந்த இறுகிய முகத்தில் திகில் ஒன்று மட்டும் ஏறி வர, சாத்திய கதவைப் பார்த்தார்.

கடைசியாக அவளைப் பார்த்தார். அவள் நேராக உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.