பனியில் ஏறிய ஜீப்

"அன்னிக்கு மலையில நடந்ததத் தெரிஞ்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற? அடுத்தவங்க பயந்த கதைன்னா மட்டும் கிட்ட வந்து குந்திக்கிற. சரி, கேளு" என்று பேத்தியிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

என் மகன் பதினேழு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு வேலையை விட்டு வந்தான். பெங்களூரில் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, அதிலேயே கிளம்பி வந்து, கள்ளக்குறிச்சியில் என்னை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்குப் புறப்பட்டான். மலைக்கு ஆள் ஏற்றித்தான் இனி பிழைப்பு. ஓட்டத் தெரியாதவன் என்று பேர் வந்தால் ஒருவரும் ஏற மாட்டார்கள்.

பாதி மலையில் பனி இறங்கியது. ஜீப்பின் மூக்கே தெரியவில்லை. இடது பக்கம் பள்ளம். நின்றால் பின்னால் வரும் மரவள்ளி லாரி இடித்துவிடும். அவன் வண்டியை ஊர விட்டான். நான் இறங்கி முன்னால் நடந்தேன்.

"ஏறும்மா, பள்ளத்துல வுழுந்துடுவ."

"எம் பொடவையப் பாத்துக்கினு வாடா. பட்டாளத்துல ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் போனதில்லையா?"

ஒரு வளைவில் என் இடது கால் வெறும் காற்றில் இறங்கியது. அப்படியே பின்னால் சாய்ந்து ரோட்டில் உட்கார்ந்தேன். முதுகுக்கு ஒரு முழம் பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. எழுந்து, வலது பக்கமாக ஒதுங்கி, பனி விலகும்வரை நடந்தேன்.

வீடு சேர்ந்ததும், வண்டி எப்படி என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

"எம் புள்ள ஓட்டினா குலுக்கலே கெடையாது. வழியெல்லாம் தூங்கிக்கினே வந்தேன்" என்றேன்.