நடுங்காத படம்

ஸ்டுடியோவில் அவளுக்கு வைத்த பெயர் திருப்புளி. எப்போது பார்த்தாலும் கொண்டையில் ஒரு திருப்புளியைச் செருகிக்கொண்டு எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? வீட்டில் மின்விசிறி லேசாக முனகினால் போதும், நாற்காலியைப் போட்டு ஏறிவிடுவாள். உலகத்தில் கோளாறு என்று ஒன்று இருந்தால் அது பொருளில்தான் இருக்கும், பிரித்து மாட்டினால் போய்விடும் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிதான் கடைசியில் அவள் காலை வாரியது.

அப்போது அவள் செய்துகொண்டிருந்தது ஒரு கைக்கருவி. பெயருக்குத்தான் கேமரா, உள்ளே லென்ஸ் கிடையாது. நடுவில் சின்னத் திரை, இரண்டு பக்கமும் கைப்பிடி, விரலுக்கு எட்டும் பொத்தான்கள், மேலே கொம்பு முளைத்த மாதிரி சில வெள்ளைக் குண்டுகள். காலிக் கூடத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால், கூரையில் மாட்டிய கண்கள் அந்தக் குண்டுகளைப் பார்த்துக் கணக்குப் போடும். கம்ப்யூட்டருக்குள் கட்டிவைத்த நகரத்தில் ஒரு பொய்க் கேமரா அதே நடை நடக்கும். ஆள் குனிந்தால் அதுவும் குனியும், ஆளுக்கு மூச்சு வாங்கினால் அதற்கும் வாங்கும். டைரக்டர்களுக்கு அந்த மூச்சுதான் வேண்டும். அதற்கு மனிதக் கை வேண்டும்.

அந்தக் கை அவள் அண்ணனுடையது. ஒரு காலத்தில் கனமான கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு ஓடும் லாரியில் தொங்கியவன். சில வருடங்களாக யாரும் கூப்பிடவில்லை. சினிமாக்காரர்கள் ஓர் ஆளை மறப்பது என்று முடிவு செய்துவிட்டால் சுத்தமாக மறப்பார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவனை இவள்தான் இழுத்து வந்தாள். களிமண்ணை உருட்டிக் கொடுத்து, “பிடிண்ணா” என்றாள். விரல் பதிந்த பள்ளத்தையெல்லாம் அளந்து கைப்பிடி வார்த்தாள். அதனால் அது அவன் கைக்கு மட்டுமே அடங்கியது. இவள் பிடித்தால் பொத்தான் எட்டாது. சோதனை எல்லாம் அவனை வைத்துத்தான் நடந்தது.

ஆரம்பத்திலேயே படத்தில் ஓர் உதறல் தெரிந்தது. அசைவைக் கோடாக வரைந்து பார்த்தால், மூச்சின் பெரிய மேடுபள்ளங்களுக்கு மேலே சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக, ஒரே சீராக ஓடியது.

“உன் மெஷின் உதறுதுடி. ஒழுங்கா முடுக்கினியா இல்லையா?” என்றான் அண்ணன்.

மேசையில் வைத்தால் நின்றது. தூக்கினால் வந்தது. அப்படியென்றால் தூக்கும்போது கைப்பிடிக் குழாய் ஆடுகிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். மனிதக் கை இவ்வளவு ஒழுங்காக ஆடாது, இது உலோகத்தின் வேலை என்று சத்தியம் செய்யாத குறை. குழாயைத் தடியாக்கினாள், ரப்பர் வைத்தாள், எடை கூட்டினாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. சலித்துப்போய், அந்த வேகத்து அசைவை மட்டும் வடித்தெடுக்க ஒரு ஃபில்டர் எழுதிப் போட்டாள். மூச்சு அப்படியே இருந்தது, சீப்புப் பல் மட்டும் போய்விட்டது. படம் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அழுக்கைத் துடைத்ததற்கெல்லாம் யாராவது தம்பட்டம் அடிப்பார்களா?

ஸ்டுடியோ அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. வெளியிலும் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களில் ஒரு தயாரிப்பு மேனேஜர் அண்ணனையே நேரில் தேடி வந்துவிட்டார். நிஜமான படம், நிஜமான கேமரா. பாதி கட்டிய உயரமான கட்டடத்தின் உச்சியில், கிரேனில் தொங்கும் பலகையில் நின்று, கேமராவைத் தோளில் வைத்து விளிம்புக்கு வெளியே சாய்ந்து எடுக்க வேண்டும். கீழே நடிக்கிற கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணிகூட அந்த வாரம் அவனைத் திட்டவில்லை.

இதற்கிடையில் ஸ்டுடியோ இன்னொரு கருவி கேட்டது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கை சிறியது, அவளுக்குத் தோதாக ஒன்று. அதே குழாய், உள்ளே அதே எலக்ட்ரானிக் சில்லு, கைப்பிடி மட்டும் வேறு. ஃபில்டரை இன்னும் ஏற்றவில்லை. அந்தப் பெண் தூக்கிக்கொண்டு நடந்தாள். கோட்டில் சீப்புப் பல் இல்லை.

திருப்புளிக்கு முதலில் சந்தோஷம்தான். அடேயப்பா, குழாய் திருந்திவிட்டதே என்று நினைத்தாள். பிறகு சும்மா இருக்க முடியாமல் பழைய குழாயைக் கழற்றிப் புதிய கைப்பிடியில் மாட்டிக் கொடுத்தாள். அப்போதும் இல்லை. பழைய சில்லையும் எடுத்து மாட்டினாள். அப்போதும் இல்லை. மாற்றுவதற்கு இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தூக்குகிற கை. அண்ணன் சட்டையை விட்டுவிட்டுப் பொத்தான் இல்லாத பனியன்களுக்கு மாறியது எப்போதிருந்து? டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பது எப்போதிருந்து? அப்பா கடைசிக் காலத்தில் கரண்டியைப் பிடிக்க முடியாமல் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அழுதது நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, இதையா துடைத்தோம் என்று.

மறுநாள் விடிந்தால் அண்ணனுக்கு ஷூட்டிங். அன்று மாலை அவனைக் கூடத்துக்குக் கூப்பிட்டு ஃபில்டரை நிறுத்தினாள்.

கருவியைத் தூக்கியதும் திரையில் நகரமே உதறியது.

“மறுபடியும் அந்தக் கோளாறா? இவ்வளவு நாளா என்னதான் பண்ணே?”

“எங்கிட்ட குடுண்ணா.”

பொத்தான் எட்டாவிட்டால் என்ன, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். கட்டடங்கள் மெல்ல மூச்சுவிட்டன, உதறவில்லை. திருப்பிக் கொடுத்தாள். உதறியது. அவனே மறுபடி அவள் கையில் திணித்தான், மறுபடி பிடுங்கினான்.

“அப்பாவுக்கு வந்த மாதிரியா?” என்று கேட்டான்.

“தெரியலண்ணா. இவ்வளவு நாளா அந்த உதறலை ஒரு ஃபில்டர் போட்டுத் துடைச்சுக்கிட்டிருந்தேன். டாக்டர்கிட்ட போவோம். நாளைக்கு மட்டும் போகாதே.”

“அந்த ஃபில்டரைப் போடு.”

போட்டாள். பொய் நகரத்தில் படம் வழுக்கிக்கொண்டு போனது. அவன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நடந்தான்.

“நல்லாத்தானே இருக்கு,” என்றான். “ஒரே ஒரு நாள். பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சிடுவேன். யாருகிட்டயும் வாயைத் திறக்காதே. உங்க அண்ணிகிட்ட கூட.”

“கீழ ஆளுங்க நிப்பாங்கண்ணா.”

“எனக்குத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கேமரா தூக்கினவன்டி நான்.” கருவியை மேசையில் வைத்தான். வைக்கும்போது விளிம்பில் தட்டிச் சத்தம் கேட்டது. இருவரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். அவன் போய்விட்டான்.

வாயைத் திறந்தால் இனி அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்தத் தொழிலில் ஒரு கை நடுங்குகிறது என்ற செய்தி வேகமாகப் பரவும். தங்கையை அவன் மன்னிக்கவும் மாட்டான். திறக்காவிட்டால் அந்தப் பலகை, அந்த விளிம்பு, கீழே அண்ணாந்து பார்க்கும் முகங்கள். அவள் போனை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

மேனேஜர் அவளைப் பேசவே விடவில்லை. “அடடா, நீங்களாம்மா! நாளைக்கு எல்லாம் ரெடி. உங்க அண்ணன் கை இருக்கே, அது கை இல்லம்மா, கல்லு. அந்தப் படத்தைப் பார்த்துட்டு இங்க ஒருத்தரும் வேற ஆள் பேரையே எடுக்கல.”

“சார்,” என்றாள். “நீங்க பார்த்தது அவர் கை இல்ல. அது நான் எழுதின ஃபில்டர்.”