வூட்டுக்கு ஒரு ஆள்

மூளைப் படங்களை வைத்துக் கணக்குப் போடுவது என் வேலை. தர்மபுரியில் ஒரு ஆராய்ச்சித் திட்டம். நான் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, புள்ளியியல் படித்தவள். நல்லம்பள்ளியில் சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இங்கே கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

பக்கவாதம் வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்திருந்தோம். ஒரு குழுவுக்கு பிசியோதெரபி பெண் வீட்டுக்கே போய்க் கை கால் பயிற்சி கொடுப்பார். இன்னொரு குழு வழக்கம்போல ஆஸ்பத்திரிக்கு வந்து போகும். எல்லாருக்கும் மூன்று முறை ஸ்கேன்: தொடக்கத்தில், நடுவில், முடிவில். வீட்டில் பயிற்சி கிடைத்தவர்களின் மூளை மற்றவர்களைவிட அதிகமாகத் தேறுகிறதா என்பதுதான் கேள்வி.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் மூளை அவ்வளவு மாறும். ஒருவர் சில மாதங்களில் தேறுவது சின்ன மாற்றம். இரண்டு பேருக்கு நடுவில் பிறவியிலேயே இருக்கும் வித்தியாசம் அதை விழுங்கிவிடும். அதனால் ஒருவரை முதலில் அவரோடுதான் ஒப்பிட வேண்டும், அப்புறம்தான் குழுவோடு குழு. என் அட்டவணையில் ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பத்தி உண்டு. இந்த மூன்று படமும் ஒரே ஆளுடையது என்று கணக்குக்குச் சொல்வது அந்தப் பத்திதான். அது பொய் என்றால் மேலே கட்டியதெல்லாம் குப்பை.

ஒரு நாள் காலை திட்டத் தலைவர் என் மேசைக்கு வந்தார். மூளை டாக்டர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். மூளை எவ்வளவு தேறியது என்பதைத் திரையில் ஆளுக்கு ஒரு கோடாக வரைந்து வைத்திருந்தேன். பெரும்பாலான கோடுகள் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி நகர்ந்தன. ஒரு கோடு மட்டும் மூன்றாவது ஸ்கேனில் நேராக மேலே போயிருந்தது.

"இது யாரும்மா? வீட்டுப் பயிற்சி குழுவா?"

"ஆமா சார். மாரண்டஹள்ளி பக்கம். தக்காளி மண்டியில பெட்டி தூக்கினவரு."

"பாத்தீங்களா! இந்த மாதிரி இன்னும் நாலு பேரு இருந்தா போதும்."

அவர் போன பிறகு படங்களைத் திறந்தேன். முதல் இரண்டிலும் இடது பக்கம் ரத்தம் நின்றுபோன இடம் கறுப்பாகக் குழிந்திருந்தது. மூன்றாவதில் குழியே இல்லை. செத்த மூளை முளைத்து வராது. மடிப்புகளைப் பார்த்தேன். மடிப்பு கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு. இது வேறு ஆள்.

ஸ்கேன் அறையில் கேட்டேன். ஆதார் அட்டை பார்த்துத்தான் உள்ளே விட்டோம் என்றார்கள். ஆதார் படத்தைப் பார்த்து அது அவர்தான் என்று கட்டின பெண்டாட்டியே சொல்ல முடியாது.

போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. கோபத்தோடு பஸ் ஏறினேன். ஏமாற்றிவிட்டார்கள், நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பாலக்கோட்டில் மாறி மாரண்டஹள்ளி இறங்கி அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

வீட்டு முன்னால் ஒருவர் காலித் தக்காளிப் பெட்டிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். நோயாளியின் தம்பி என்றார். அண்ணனுக்குப் பதில் படுத்தவர் இவராகத்தான் இருக்கும் என்று பட்டது.

"அன்னைக்கு ஸ்கேனுக்கு வந்து படுத்தது நீங்கதானே?"

"ஆமாங்க." மறைக்கவில்லை. "ஏங்க, படம் சரியா வுழுலீங்களா? ஆடாமத்தானே படுத்திருந்தேன். மூச்சுகூட மெதுவாத்தான் வுட்டேன்."

"உங்களை யாருங்க படுக்கச் சொன்னது?"

"அண்ணனால வர முடியல. அதுக்குன்னு வூட்டுல இருந்து யாருமே போவாம இருந்தா எப்படிங்க? ஊருல ஏரிக்கால்வா தூர் வாரறதுன்னாலும் திருவிழா வேலைன்னாலும் வூட்டுக்கு ஒரு ஆளு போவணும். அவரு இல்லன்னா நானு. அவரு மாதிரியே காலைக்கூட இழுத்துக்கினுதாங்க நடந்தேன். எந்தக் காலுன்றதுதான் நடுவுல மறந்துபோச்சு."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அந்தக் கூத்தை வேற சொல்லு. போறப்ப ஒரு காலு, வர்றப்ப ஒரு காலு. உன்னைப் போயி அனுப்பினேன் பாரு." நோயாளியின் மனைவி. வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போனதும் போய்விட்டது.

கட்டிலில் அவர் கிடந்தார். இரண்டாவது ஸ்கேனுக்குத் தடி ஊன்றித் தானே நடந்து வந்தவர் என்று குறிப்பில் படித்திருந்தேன். இப்போது தலையைத் திருப்பவே முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மூன்றாவது ஸ்கேனுக்கு முந்தின வாரம் மறுபடியும் வாதம் அடித்திருக்கிறது. பாலக்கோட்டு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டு, விசேஷத்துக்குப் போகிறோம், இந்த வாரம் வர வேண்டாம் என்று பொய் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க திட்டத்துக்கு ஏங்க சொல்லல?"

"சொன்னா பேரை அடிச்சிடுவீங்க இல்ல? இத்தனை நாளா சொல்லிக் குடுத்தும் இந்தாளு இப்படி வுழுந்துட்டான், இவனுக்கு இன்னும் எதுக்குன்னுட்டு அந்தப் பொண்ணை நிறுத்திட்டா? அவ வந்தப்பதான் கண்ணு இவரு கை அசைஞ்சுது. டம்ளரைப் புடிச்சு டீ குடிச்சாரு."

ஸ்கேனுக்கு வராவிட்டாலும் பயிற்சி நிற்காது என்று சம்மதப் படிவத்தில் எழுதித்தான் இருக்கிறது. வேகவேகமாக வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினால் யாருக்கு மண்டையில் ஏறும்?

அப்புறம்தான் அந்த அம்மா அதைக் கேட்டார்.

"ஸ்கேன் எடுத்ததுல இருந்து அந்தப் பொண்ணு வரவே இல்ல கண்ணு. போன் போட்டா முடிஞ்சிதும்மான்றா. இவன் சரியா படுக்காததாலதானா? மறுக்கா வேணா வந்து படுக்கச் சொல்றேன்."

தம்பி வாசலிலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

மூன்றாவது ஸ்கேன் முடிந்தால் வீட்டுப் பயிற்சியும் முடிந்தது. திட்டம் அப்படி. எதை நிறுத்தக் கூடாது என்று தம்பியை அனுப்பினார்களோ, அது அவர் போய்ப் படுத்த அன்றே நின்றுபோனது. கேட்க வைத்திருந்த கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கட்டிலில் கிடந்தவர் நான் எழுந்ததும் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

மறுநாள் தலைவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "சரி, அவரைத் தூக்கிடுங்க. மூணு ஸ்கேனும் இருக்கறவங்களை மட்டும் வெச்சுக்கலாம்."

பழைய முறைக் கணக்கில் அப்படித்தான். ஒரு படம் இல்லையென்றால் மற்ற இரண்டையும் சேர்த்து ஆளையே எறிந்துவிட வேண்டும்.

"வராம போறவங்க யாரு சார்? முடியாதவங்கதானே? அவங்களை எல்லாம் தூக்கிட்டா மிச்சம் இருக்கறவங்க தேறின மாதிரிதான் தெரியும். அதுக்கு எதுக்கு சார் ஸ்கேன், எதுக்கு நானு?"

கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். பக்கத்து அறையில் பேச்சு நின்றது. அவர் கோபப்படவில்லை.

"வேற வழி இருக்கா?"

இருக்கிறது. படம் குறைந்தவர்களையும் இருக்கிற படங்களோடு சேர்த்துக்கொள்ளும் முறை. தம்பியின் படத்தை எடுத்துவிட்டு அண்ணனுக்கு இரண்டு படம் போதும். மீண்டும் வாதம் அடித்ததால்தான் வரவில்லை என்பதையும் அறிக்கையில் எழுதிவிட வேண்டும். எப்படி என்று அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டார்.

"அந்தப் பயிற்சி சார்?"

"அதுக்கு வழி இல்லம்மா. மூணாவது ஸ்கேனோட முடியுதுன்னுதான் எழுதியிருக்கு."

"அவருக்குத்தான் மூணாவது ஸ்கேன் இன்னும் எடுக்கவே இல்லையே சார்."

"தேதி முடிஞ்சுபோச்சும்மா. அந்தப் பொண்ணையும் வேற ஊருக்குப் போட்டாச்சு. இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க, நானே பாக்கறேன்." மனதாரத்தான் சொன்னார். தலையைத் திருப்ப முடியாத ஆளை மாரண்டஹள்ளியிலிருந்து வாரா வாரம் தர்மபுரிக்கு எதில் போட்டுக் கொண்டு வருவது என்று நானும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அப்புறம் போன் பண்ணினேன். அந்த அம்மாதான் எடுத்தார்.

"அவரு பேரை அடிச்சிட்டீங்களா கண்ணு?"

"இல்லைங்க. பேரு இருக்குது."

"இருக்குதா? அப்படின்னா அந்தப் பொண்ணு வருவா இல்ல?"

என் அட்டவணையில் அவர் வீட்டுக்காரருடைய பத்தி திரையில் எதிரிலேயே இருந்தது. அதைக் காப்பாற்றியதற்காக முந்தின நாள்வரை எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"வர மாட்டாங்க. முடிஞ்சுபோச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தா டாக்டரே பாப்பாரு."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. பின்னால் தம்பி, "இன்னா அண்ணி சொல்றாங்க?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"சரி கண்ணு," என்றார் அந்த அம்மா என்னிடம். "சாயந்தரம் ஆனா இவரு வாசலையே பாத்துக்கினு கெடக்கறாரு. நாளைக்கு வருவாங்கன்னுதான் சொல்லிக்கினு இருக்கேன். அப்படியே சொல்லிக்கறேன்."