ஷமீம் விழவே இல்லை

போன வாரம் ஷமீம் கையில் டிபன் பாக்ஸோடு என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தாள். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இருக்கிறது!

ஷமீம் எங்கள் கீழ்வீட்டுப் பெண். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. ரம்ஜான் முடிந்த கையோடு திடீரென்று தொடையில் வலி... கூடவே காய்ச்சல். காலை ஊன்ற முடியவில்லை. அடிகிடி பட்டதா? இல்லை. தூங்கி எழுந்தாள், வலித்தது. அவ்வளவுதான்.

ஆனால் அடிபடாமல் வலிக்க நம் ஊரில் அனுமதி உண்டா? மாமியார், சூப்பர்வைசர், பக்கத்து மெஷின்காரி... எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எங்க விழுந்தே?" இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக ஒரு கதை கட்டிவிட்டாள். உடனே எல்லோருக்கும் நிம்மதி! லீவும் கிடைத்தது.

கட்டு போடுகிறவரிடமும் அதே கதைதான். அவர் எண்ணெய் தடவி இறுக்கிக் கட்டினார். கிளினிக்கிலும் அதே கதை. எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லா இருக்கு, சுளுக்குதான்" என்று மாத்திரை கொடுத்தார்கள். தொடையோ வீங்கிக்கொண்டே போனது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கால் போய்விடுமோ, உயிரே போய்விடுமோ என்று பயந்து, அவள் கணவரும் நானுமாக வேலூருக்குக் கூட்டிப் போனோம்.

அங்கே ஒரு இளம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"விழுந்தேன்னு சொல்றீங்க... ஒரு சிராய்ப்புகூட இல்லியேம்மா. நெஜமா விழுந்தீங்களா?"

ஷமீம் அழுதுவிட்டாள். "விழல சார். சும்மாவே வலிக்குதுன்னா யாரு நம்புறாங்க? கேட்டுக் கேட்டு பேஜாராய்டுச்சு."

"நான் நம்புறேம்மா."

அன்றே எம்.ஆர்.ஐ. ஹேர்பின், மூக்குத்தி எல்லாம் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்த மெஷின் போடும் சத்தம் தெரியுமல்லவா? வெளியே வந்தவள், "எங்க கம்பெனி சத்தத்துக்கு இது கம்மிதான்க்கா" என்று முனகினாள்!

படத்தில் தெரிந்துவிட்டது. தொடைச் சதைக்குள் சீழ். எக்ஸ்ரேயில் சிக்காதது இதில் பளிச்சென்று தெரிந்தது. "எலும்புக்கு இன்னும் பரவல. தப்பிச்சீங்க" என்றார் டாக்டர். சீழை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கால் பிழைத்தது. அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

எல்லா வலிக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. அதை டாக்டர் முடிவு செய்வார். ஆனால் அவருக்கு உண்மை தெரிய வேண்டாமா?

சும்மா வலித்தால் சும்மா வலிக்கிறது என்றே சொல்லுங்கள். கதை கட்டுகிற வேலையை என்னைப் போன்ற எழுத்தாளர்களிடம் விட்டுவிடுங்கள்!